கொந்தராத்துக்காரரின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தால்

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் லயத்தை விட்டுத் தனிவீடு கட்டிக் குடியேறிய குடும்பத்துக்கு, மீதிப் பணத்தை 14 நாட்களுக்குள் செலுத்துமாறு கொந்தராத்துக்காரரின் சட்டத்தரணியிடமிருந்து பதிவுத் தபால் வருமாயின், அதைக் கண்டு கலங்கவும் வேண்டாம், அலுமாரியில் போட்டு மறக்கவும் வேண்டாம். அது நீதிமன்றக் கட்டளையன்று. ஆயினும், வியாபார விஷயமாக வந்த கடிதத்தின் கூற்றை ஏற்காதவர் மறுமொழி எழுத வேண்டும் என்னும் கொள்கை 1948ஆம் ஆண்டின் சரவணமுத்து – டி மெல் வழக்கில் வலியுறுத்தப்பட்டிருப்பதால், நமது மௌனமே பின்னர் நமக்கு விரோதமான சாட்சியமாகக் காட்டப்படலாம்.

கடிதம் ஆங்கிலத்தில் இருப்பின், ஊகித்துக்கொள்ளாமல், விஷயமறிந்தவரைக் கொண்டு வாசித்தறிக. ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், மழைக்கு ஒழுகும் கூரையின் புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டி, கொடுத்த தொகை எவ்வளவு, எஞ்சியதை நிறுத்தியது எக்காரணத்தால் என்பதைக் கோபச்சொல் கலவாமல் தவணைக்குள் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துக.

“கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன்” என்று தாட்சணியத்தால் எழுதிவிடுவோர் பலர். இதுதான் பெரிய அபாயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, செய்த வேலைக்கான கூலி வழக்குக்கு 1 ஆண்டும், எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும் கெடுவாயிருக்க, கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் அக்கெடு புதிதாகத் தொடங்கக்கூடும்.

சிறுதொகைப் பிணக்குகள் பெரும்பாலும், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குக்கு முன்னர் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டியவை. சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாதவர்கள், தவணை முடியுமுன்பே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடுவார்களாக.