‘ஹமார்த்தியா’ – ஒரு சொல்லாய்வு

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் ‘பாவம்’ என்று நாம் படிக்கும் இடங்களில் பெரும்பாலும் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஹமார்த்தியா’ என்பதாகும். இதன் வினைச்சொல், ஹோமரின் ‘இலியட்’ காவியத்தில் எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சுட்டுகிறது. துன்பியல் நாடகத் தலைவனை வீழ்த்தும் பிழையை அரிஸ்டாட்டிலும் தம் ‘கவிதையியல்’ நூலில் இச்சொல்லாலேயே குறித்தார்.

எனவே, பாவம் என்பது வெறும் குறி தவறுதலே என்பர் சிலர். நான் அதற்கு உடன்படேன். பவுல் ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 5, 6ஆம் அதிகாரங்களில் ஹமார்த்தியா அரசனைப்போல் ஆள்கிறது, மனிதரை அடிமைகொள்கிறது, மரணத்தைக் கூலியாகத் தருகிறது. குறி தவறியவனுக்குப் பயிற்சி போதும். அடிமைக்கோ விடுதலை வேண்டும். பவுல் பேசுவது விடுதலையைப் பற்றியே. ஆதலால், ஒரு சொல்லின் பொருளை அதன் வேரைக்கொண்டு மட்டும் துணியாது, வழங்கும் இடத்தையும் நோக்குதல் வேண்டும் என்பதே என் கருத்து.