துணைவரின் கடமை: புற்றுநோய்ச் சிகிச்சையில் முடிவு காணும் முறை

அங்கத்தினர்களே! சங்கத்தின் கடன் மனுவில் ஜாமீன் கையெழுத்திடுபவரின் நிலையை நீங்கள் நன்கு அறிவீர்கள். கடன் அவருடையதன்று, அதை எவ்வாறு செலவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கில்லை. ஆயினும், வாங்கியவரைக் கைவிட்டு அவர் விலகவும் முடியாது. மனைவிக்குப் புற்றுநோய் கண்டால் கணவனும், கணவனுக்குக் கண்டால் மனைவியும் நிற்க வேண்டிய இடம் ஏறக்குறைய இதுவே. அவ்விடத்தில் நிற்பது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

1. நம் மாவட்டத்துச் சான்று

2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்து ஒரு பெரிய பரிசோதனை நடைபெற்றது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமுதாய சுகாதார நிலையம் அதில் பங்கு கொண்டது. 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதித்தனர். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, கண்ணால் பார்த்தறியும் எளிய சோதனை அது. சோதனை நடந்த பகுதிகளில், நடவாத பகுதிகளைக் காட்டிலும், நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் முடிவு வெளியாயிற்று.

இதில் மற்றொரு கணக்கும் உண்டு. புற்றாக மாறுவதற்கு முந்திய நிலை 1,874 பெண்களிடம் காணப்பட்டது. அவர்களுள் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதத்தினரே. நோயை அறிவது ஒரு படி; சிகிச்சைக்கு வந்து சேர்வது அடுத்த படி. இரண்டாம் படியில் துணை வேண்டும்.

2. முடிவு யாருடையது?

வைத்தியர் கணவனைத் தனியே அழைத்துச் சொல்வதும், அவன் மனைவியிடம் "ஒன்றுமில்லை, வெறும் கட்டிதான்" என்று மறைப்பதும் நம் குடும்பங்களில் வழக்கமாக இருக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆனால் அதனால் தன் உடலைப் பற்றிய முடிவில் அவளுக்கு இடமில்லாமல் போகிறது. வயது வந்த, சுயநினைவுள்ள நோயாளியின் சம்மதமே அவசியம் என்றும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது உறவினர் தரும் சம்மதம் அதற்கு ஈடாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்துள்ளது. மகாசபையில் ஒருவரது வாக்கை மற்றவர் அளிக்க முடியாததைப் போன்றதே இது.

3. ஓர் உதாரணம்

பண்ணைக்காட்டில் மலைவாழை பயிரிடும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், ஆரம்ப நிலை. வைத்தியர் இரு வழிகளைக் கூறுகிறார். ஒன்று, மார்பகம் முழுவதையும் அகற்றுவது. மற்றொன்று, கட்டியை மட்டும் அகற்றி, பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பது. இவ்விரண்டில் எதை ஏற்றாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றேயென்று, அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சிகள் 2002-இல் காட்டின.

ஆனால் கதிர்வீச்சு பொதுவாக வாரத்திற்கு ஐந்து நாட்களாக, மூன்று முதல் ஆறு வாரங்கள் வரை நடைபெறும். மலைப்பாதையில் நாள்தோறும் இறங்கி ஏறுவது நோயாளிக்கு ஆகாது; கீழே தங்கியாக வேண்டும். தாரை வெட்டும் பருவத்தை எண்ணிக் கணவன், "முழுவதும் எடுத்துவிட்டால் சீக்கிரம் வீடு திரும்பலாம்" என்கிறான். அவளோ தன் உடல் குறைவுபடாதிருப்பதைப் பெரிதாக எண்ணலாம். ஆனால் செலவை நினைத்து வாய் திறவாமல் இருக்கலாம். அல்லது வீட்டையும் குழந்தைகளையும் விட்டுத் தங்க மனமின்றி, முழுவதும் அகற்றுவதையே அவள் விரும்பலாம். கேட்டாலன்றித் தெரியாது. ஆகவே கணவன் முதலில் கேட்க வேண்டியது, "உனக்கு எது பெரிது?" என்பதே. தன் எண்ணத்தை அவன் ஒரு முறை ஒளிவின்றிச் சொல்லலாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்வது வற்புறுத்தலாகும்.

நிற்க. எல்லோருக்கும் இரு வழிகளும் கிடைப்பதில்லை. முழுவதும் அகற்றிய பின்னும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். அதை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

4. குறிப்பேடும் கேள்விகளும்

நோயின் பெயரைக் கேட்ட மனத்தில் பிறகு சொல்லப்படுவது நிற்காது. எனவே துணைவர் உடன் சென்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது அவசியம். கேட்க வேண்டியவை:

(அ) நோய் எவ்வகை? எந்த நிலையில் உள்ளது?
(ஆ) சிகிச்சையின் நோக்கம் முற்றும் குணமாக்குவதா, கட்டுப்படுத்துவதா, வேதனையைத் தணிப்பதா?
(இ) வேறு வழிகள் எவை? ஒவ்வொன்றின் நன்மை தீமை என்ன? சிகிச்சை செய்யாவிடில் என்ன ஆகும்?
(ஈ) எத்தனை வாரங்கள்? எங்கே தங்குவது? செலவு எவ்வளவு?
(உ) யோசித்து முடிவு கூற எத்தனை நாட்கள் எடுத்துக்கொள்ளலாம்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். வைத்தியர் கூறும் கெடுவுக்குள் வேறொரு நிபுணரின் அபிப்பிராயம் பெறலாம். சங்கக் கணக்கைத் தணிக்கை செய்வது காரியதரிசியின் மீது அவநம்பிக்கையால் அன்றே! இதுவும் அப்படியே. சதைப் பரிசோதனை அறிக்கையையும் படங்களையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். ஆனால் கெடு கடந்து, பத்தியம், நாட்டு மருந்து, மந்திரிப்பு என்று மாதங்களைக் கழிப்பது முதலுக்கே மோசமாய் முடியும்.

5. செலவும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைப்பது துணைவரின் வேலை. சிகிச்சைக்காகக் கொடை ரோடு நிலையத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும். தோட்டத்தையும் தறியையும் அவ்வாரங்களில் யார் பார்ப்பது என்பதைச் சக அங்கத்தினர்கள் ஏற்றுக்கொண்டால், பாதிப் பாரம் குறையும்.

6. குணமாகாத நிலையில்

சில வேளைகளில் மேலும் சிகிச்சை தொடர்வதால் பயன் குறைவு, வேதனை அதிகம் என்ற நிலை வரும். அப்போதும் முடிவு நோயாளியுடையதே. "எனக்காக இன்னும் ஒரு தடவை" என்று துணைவர் மன்றாடினால், அவருக்காகவே நோயாளி துன்பம் ஏற்க நேரும். சிகிச்சையை நிறுத்துவது கைவிடுவதாகாது. வலியைத் தணிக்க மார்பின் போன்ற மருந்துகள் உண்டு. அத்தகைய பராமரிப்பை நோயின் தொடக்கத்திலிருந்தே கேட்டுப் பெறலாம்.

துணைவரும் மனிதரே. உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால் அவரும் நோயாளியாவார். பொறுப்பில் ஒரு பகுதியைச் சகோதரரிடமோ அயலாரிடமோ ஒப்படைப்பது குறையன்று.

கலந்தாராய்ச்சிக்கு வினாக்கள்

1. நோயை மறைப்பதால் யாருடைய துயரம் குறைகிறது? யாருடைய உரிமை குறைகிறது?
2. உங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஐந்து வாரம் கீழே தங்க நேர்ந்தால், சங்க அங்கத்தினர்கள் எவ்வேலைகளை ஏற்கலாம்?
3. நாளை உங்களுக்கே இந்நோய் கண்டால், எது பெரிது என்று உங்கள் துணைவர் அறிவாரா? அறியாராயின், இன்றிரவே பேசுங்கள்.