போலகத்தில் மனை வாங்குமுன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாகூருக்கும் போலகத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஆனால் வாஞ்சூர் எல்லையைத் தாண்டிக் காரைக்காலுக்குள் நுழைந்ததும் தமிழ்நாடு போய்ப் புதுச்சேரி அரசு வருகிறது, நிலத்தின் கதையும் மாறுகிறது. ஆயுள் சேமிப்பைக் கொட்டி இங்கே மனை வாங்குகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமலே அட்வான்ஸ் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

நம்பிக்கை: "பத்திரம் எழுதுகிறவரே எல்லாம் பார்த்துக்கொள்வார், வக்கீல் எதற்கு?"

பத்திர எழுத்தர் இரு தரப்பும் சொல்வதை முறையாக எழுதித் தருகிறார். விற்கிறவருக்கு விற்க உரிமை உண்டா என்று ஆராய்வது அவர் பொறுப்பல்ல. அந்த வேலை வக்கீலுடையது. மூலப் பத்திரம் தொடங்கி இன்றுவரை சொத்து கைமாறிய ஒவ்வொரு படியையும் கோத்துப் பார்த்து, லீகல் ஒப்பீனியன் எழுதித் தர வேண்டும். புரோக்கரோ மனைப்பிரிவு போட்டவரோ கைகாட்டும் வக்கீல் வேண்டாம். விற்பனை நடந்தால்தான் அவர்களுக்குப் பணம். உங்கள் வக்கீலுக்கு நீங்கள் மட்டும்தான் கட்சிக்காரராக இருக்க வேண்டும்.

நம்பிக்கை: "எந்த ஊர் வக்கீலாக இருந்தால் என்ன, சட்டம் ஒன்றுதானே?"

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. இந்தியச் சட்டங்கள் 1963, 1968 என்று படிப்படியாக இங்கே நீட்டிக்கப்பட்டன. ஆகவே தாத்தா காலத்து மூலப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் நொத்தேர் (பிரெஞ்சு முறை நோட்டரி) எழுதியதாக இருக்கலாம். அதைப் படிக்கத் தெரியாமல் "பழைய பத்திரம் ஒன்று இருக்கிறது" என்று ஒரு வரியில் தாண்டிப்போகும் ஒப்பீனியனை நம்பக்கூடாது.

வாரிசுரிமை அதைவிட நுட்பமானது. பிரெஞ்சு ஆட்சியில் இங்குள்ள இந்துக்களிடையே நடப்பில் இருந்த வழக்காற்றுச் சட்டப்படி, தந்தை உயிரோடு இருக்கும்வரை பூர்வீகச் சொத்துக்கு அவரே முழு உரிமையாளர். மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் இங்கே வந்தது. ஆக, 1950களில் ஒருவர் தனியாகக் கையெழுத்திட்டு விற்ற பத்திரத்தைத் தமிழ்நாட்டுக் கணக்கில் பார்த்தால் ஓட்டையாகத் தெரியும், இந்த மண்ணின் கணக்கில் செல்லுபடியாகலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அந்த 1963 நீட்டிப்பு ரெனோன்சான்களைத் தொடவில்லை. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் அவை. அங்கே மனைவிக்கு என்ன, பிள்ளைகளுக்கு என்ன என்பதெல்லாம் வேறு கணக்கு. விற்பவர் குடும்பம் எந்தச் சட்டத்தில் வருகிறது என்று கேட்காத வக்கீல் காரைக்கால் சொத்தைப் பார்க்கத் தகுந்தவர் அல்ல என்பது என் திடமான கருத்து.

அளவிலும் கவனம் வேண்டும். இங்குள்ள பத்திரங்களில் ரீசர்வே எண்ணோடு பிரெஞ்சுக் காலக் கதாஸ்தர் (நிலப் பதிவேட்டு) எண்ணும் வரும். பரப்பு ஹெக்டேர், ஆர், செந்தியார் என்று எழுதப்பட்டிருக்கும். 0-02-23 என்றால் 2 ஆர் 23 செந்தியார், அதாவது 223 சதுர மீட்டர், ஏறக்குறைய 2,400 சதுர அடி. பேச்சில் எல்லோரும் குழிக் கணக்கு சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி 144 சதுர அடி, புதுச்சேரிக் குழி 576. வாய்ப்பேச்சில் சொன்ன குழியை நம்பி விலை பேசாதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தில் உள்ள ஆரோடும் செந்தியாரோடும் ஒப்பிடுங்கள்.

நம்பிக்கை: "வில்லங்கம் போட்டாச்சு, சுத்தம்."

முதலில், தமிழ்நாட்டுப் பதிவுத்துறை இணையதளத்தில் காரைக்கால் சொத்துக்கு வில்லங்கம் கிடைக்காது. புதுச்சேரிப் பதிவுத்துறையிடம்தான் கேட்க வேண்டும். நிலப் பதிவேடுகளைப் புதுச்சேரி அரசின் நிலமகள் தளத்தில் பார்க்கலாம். இரண்டாவது, பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, வாரிசுகளில் விடுபட்ட ஒரு சகோதரி, இவையெல்லாம் அதில் தெரியாமல் போகலாம். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடனும் அப்படியே. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்வார்கள். "ஜெராக்ஸ்தான் இருக்கிறது" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

போலகத்துக்கென்று இன்னொன்று. தொழில் வளர்ச்சி மையத்துக்காகப் புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான பிப்டிக் இங்கே நிலம் எடுத்திருக்கிறது. நீங்கள் வாங்கும் சர்வே எண்ணோ அதன் உட்பிரிவோ கையகப்படுத்தல் அறிவிப்பில் வந்ததா என்று வருவாய்த் துறையில் விசாரிக்க வேண்டும். கடலோரமாக வாங்கினால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும்.

நம்பிக்கை: "ரிஜிஸ்டர் ஆகிவிட்டால் சொத்து நமதே."

விற்பவரிடம் இல்லாத உரிமையைப் பதிவு உருவாக்காது. விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவாளரின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தெளிவாகவே சொன்னது. காரைக்கால் கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோவில் நிலத்தைப் போலி ஆவணம் வைத்து மனையாக விற்க முயன்றதாக எழுந்த புகாரில், 2024இல் அரசு அதிகாரியே கைதானார். கோவில் நிலமா, வக்ஃபு நிலமா என்பதையும் உங்கள் வக்கீல் விசாரித்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: "ஓனர் பிரான்சில் இருக்கிறார், தம்பியிடம் பவர் இருக்கிறது. அது போதும்."

இந்தப் பக்கம் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. வெளிநாட்டில் எழுதிய பவர், அந்நாட்டு நோட்டரி அல்லது இந்தியத் தூதரகம் முன் கையெழுத்தாகி, இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்தது. ஆகவே பதிவன்று அவர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யுங்கள், வீடியோவில் முகம் பார்த்துப் பேசுங்கள். வெறும் பவரை மட்டும் வைத்துச் சொத்து கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றத்தின் சூரஜ் லாம்ப் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது.

வரியிலும் பொறி இருக்கிறது. விற்பவர் உள்நாட்டுவாசி என்றால் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டும். வெளிநாட்டுவாசி என்றால் அந்த வரம்பு கிடையாது, விகிதமும் பலமடங்கு. பிடிக்காமல் விட்டால் வாங்கியவரைத்தான் வருமான வரித் துறை கேட்கும். விற்பவர் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வந்தால் இருவருக்கும் நல்லது.

நம்பிக்கை: "பேங்க் லோன் கொடுத்துவிட்டதே, அப்புறம் என்ன?"

வங்கியின் பேனல் வக்கீல் ஒப்பீனியன் தருவது வங்கிக்கு. வங்கிக்கு உங்கள் சம்பளமும் ஜாமீன்தாரரும் இருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பது அந்த மனை ஒன்றுதான். ஒப்பீனியன் தவறாகிப் போனால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார் கவுன்சிலில் புகார், சிவில் வழக்கு என்ற வழிகள்தான் மிச்சம். அதற்கும் எழுத்து வேண்டும். எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை, எது குறைகிறது என்று கையொப்பமும் பார் கவுன்சில் பதிவு எண்ணும் போட்டு ஒப்பீனியன் கேளுங்கள்.

அதை வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகவே போகட்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: உரிமையில் குறை தெரிந்தால் இத்தனை நாளுக்குள் அட்வான்ஸ் முழுதும் திருப்பித் தரப்படும் என்று. விற்பவர் அந்த வரிக்கு ஒப்பவில்லை என்றால், காரணத்தை உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.