பயனாளியின் நிலையறிதல்: பரிவு வரைபடம்

பொதுச் சேவை ஒன்று இலவசமாகக் கிடைத்தும் மக்கள் அதனை நாடாதிருப்பின், அவர்தம் அறியாமையே காரணம் என்று கூறிவிடுதல் ஊழியர்க்கு எளிது. கண் முகாம்களின் அனுபவம் இக்கூற்றை மறுக்கின்றது. தென்னிந்தியச் சிற்றூர்களில் நடத்தப்பெற்று 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றின்படி, கண் குறையுடையோருள் முகாமிற்கு வந்தோர் நூற்றுக்கு எழுவரினும் குறைவு. அச்சம், உடன்வர ஆளின்மை, வழிச்செலவு, வீட்டுப் பொறுப்பு ஆகியன பிறரைத் தடுத்தன. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் தெரிந்தெடுத்த நோயாளரைத் தானே வண்டியில் அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவைக்குப்பின் திரும்பக் கொணர்ந்து விடுகின்றது. இலவசம் என்பது சிகிச்சைக் கட்டணத்தோடு முடிவதன்று என்பதை அம்முறை உணர்ந்துள்ளது.

இத்தகைய இடர்களைக் காண உதவும் கருவியே பரிவு வரைபடம். டேவ் கிரே என்னும் அமெரிக்கரின் நிறுவனத்தில் உருவான இது, 2010ல் வெளிவந்த நூலொன்றால் பரவிற்று. தாளின் நடுவே பயனாளி ஒருவரை வரைந்து, சுற்றிலும் அவர் காண்பது, கேட்பது, கூறுவதும் செய்வதும், எண்ணுவதும் உணர்வதும் எனக் கட்டங்கள் அமைத்து, அடியில் அவர்தம் இடரையும் வேண்டுவதையும் குறிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்துப் பழவங்காடியில், கணபதி கோயிலை அடுத்த கிழக்கேகோட்டைப் பஸ் நிறுத்தத்தைப் பயிற்சிக்களமாகக் கொள்வோம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்த பின்னரும், அப்பகுதி நோயாளர் மருத்துவத்தின்பொருட்டு இந்நகருக்கு வருதல் நின்றிலது. மருத்துவக் கல்லூரி வளாகத்துப் புற்றுநோய் மையத்திற்குச் செல்லவேண்டிய மூதாட்டி ஒருத்தி இங்கு நிற்பதாகக் கருதுக. அவள் காண்பது, படிக்கவியலாத மலையாளப் பலகை. கேட்பது, நடத்துநரின் விரைந்த கூவலும் தேங்காய் உடைபடும் ஓசையும். கூறுவது, "மக்களே, இந்த வண்டி ஆசுபத்திரிக்குப் போகுமா?" என்பது. செய்வதோ, விடை கிடைத்தும் ஐயுற்று இரண்டு வண்டிகளைப் போகவிடுவது.

எண்ணுவதும் உணர்வதும் என்ற கட்டத்தை அலுவலக மேசையிலிருந்து நிரப்புவோர் பலர். அத்தாள் குப்பைக்கே உரியது. அருகமர்ந்து வினவினாலன்றி, இன்று நேரம் தவறின் மகன் மற்றுமொரு நாட்கூலியை இழப்பான் என்ற கவலை வெளிப்படாது. கூற்றும் செயலும் முரண்படும் இடத்தில்தான் வினாவைத் தொடங்க வேண்டும்.

கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021ல் இந்நகரில் தொடங்கிய வட்டப் பேருந்துகளின் தடங்களுக்குச் சிவப்பு, நீலம், பச்சை என நிறப்பெயர் இட்டது. எழுத்தறியாதார்க்கும் பிறமொழியார்க்கும் இது பேருதவி. எனினும் ஆடவருள் சிலர்க்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிதல் பிறவியிலேயே அரிது. ஆகவே மூதாட்டிக்கென வரைந்த தாளைக் கொண்டே பணியை முடிக்காது, நிறக்குருடர் ஒருவர்க்கும் தனித்தாள் வரைதல் வேண்டும். வண்டியின் முகப்பில் எண்ணையும் பெரிதாக எழுதவேண்டிய தேவை அத்தாளில்தான் புலப்படும். ஆசிரியர்கள் மாணவரை இருவர் இருவராக அனுப்பி, ஒருவர் வினவ மற்றவர் குறிக்கச் செய்யலாம். பயணியின் பெயரைக் குறிக்கலாகாது.