கழற்றினால் திரும்பும் மாறுகண்

தூரப்பார்வை உள்ள குழந்தையின் கண்ணில் ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவிவதால், தெளிவாகப் பார்க்க வேண்டி அக்கண் தன் லென்ஸை ஓயாமல் தடிக்கச் செய்கிறது. விழி ஏற்பமைவு எனப்படும் இம்முயற்சியோடு கண்கள் மூக்குப் பக்கம் திரும்புவதும் இயல்பாகவே பிணைந்திருப்பதால், முயற்சி மிகும்போது ஒரு கண் உட்புறமாக ஒதுங்கிவிடுகிறது. டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1864-இல் வெளியிட்ட நூலிலேயே இத்தொடர்பை விளக்கியிருக்கிறார்.

இந்த மாறுகண் பெரும்பாலும் 2, 3 வயதில், அதுவும் களைப்பிலோ படம் பார்க்கையிலோ மட்டும் முதலில் தோன்றுவதால், மருத்துவர் முன்னிலையில் கண் நேராகவே இருந்துவிடலாம். வீட்டில் எடுத்த ஒளிப்படம் அப்போது பெரிதும் உதவும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று தமிழ்நாட்டில் வழங்கும் நம்பிக்கை, காலத்தைக் கடத்துவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. ஒதுங்கிய கண் அனுப்பும் காட்சியை மூளை புறக்கணிக்கப் பழகிவிட்டால், அக்கண்ணின் பார்வை வளராது ‘சோம்பேறிக் கண்’ ஆகிவிடும்.

ஏற்பமைவுத் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்தோ அட்ரோபின் களிம்போ இட்டுச் சோதித்தாலொழிய தூரப்பார்வையின் முழு அளவு (பிளஸ் பவர்) வெளிப்படாது. ஏற்பமைவின் வேலையைத் தானே ஏற்கும் முழு பவர் கண்ணாடியை அணிந்தபின்னும் தசை உடனே தளராமையால், சில வாரங்கள் குழந்தை அதை வெறுத்துக் கழற்றி எறிவது இயல்பே. பெற்றோரை இதைவிடக் கலங்கச் செய்வது வேறொன்று: கண்ணாடியோடு நேராக நிற்கும் கண், கழற்றிய கணமே முன்னிலும் கூடுதலாக உட்செல்வதுபோல் தோன்றும். கண்ணாடிதான் கண்ணைக் கெடுத்தது என்று அவர்கள் அதை ஒளித்துவைப்பது, பலனளிக்கத் தொடங்கிய சிகிச்சையையே நிறுத்துவதாகும். மாறுகண்ணைக் கண்ணாடி அணிந்த நிலையில்தான் அளவிட வேண்டும். மூக்கில் சரியும் சட்டத்துக்கு மேலாகப் பார்க்கும் குழந்தைக்குக் கண்ணாடி இருந்தும் இல்லாததே. காதுக்குப் பின்னால் பட்டை கட்டுவது சிறிய செலவு, பெரிய பயன்.

தூரத்தில் நேராக இருந்தும் அருகில் மட்டும் உட்திரும்பினால் பைஃபோக்கல் தரப்படுவதுண்டு. சோம்பேறிக் கண் இருந்தால், நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மூடிவைப்பர். அறுவை சிகிச்சை, கண்ணாடி அணிந்தும் எஞ்சும் கோணத்துக்கு மட்டுமே உரியது; கண்ணாடிக்கு விடை கொடுக்கும் எண்ணத்தோடு அதை நாடுவோர் ஏமாறுவர், ஏனெனில் தூரப்பார்வை அதன்பின்னும் அப்படியே இருக்கும்.