வெறும் வயிற்றோடு கிளம்பாதே

அன்புள்ள தங்கைக்கு,

குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஸ்டோமாவோடு, அதாவது மலம் வெளியேற வயிற்றில் அமைத்த திறப்போடும் அதன்மேல் ஒட்டிய பையோடும், வாழத் தொடங்கியிருக்கிறாய். வெளியூர் கிளம்பும் நாளில் உனக்குக் கிடைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “எதுவும் சாப்பிடாதே, தண்ணீரும் குடிக்காதே, போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” அக்கறையில் பிறந்த சொல்தான், ஆனாலும் தவறானது. பை நிரம்பினால் ஒரு கழிப்பறையும் ஐந்து நிமிடமும் போதும். நிரம்பிவிடுமோ என்று பயந்து வயிற்றைக் காயப்போட்டால் வரும் கேடு மருத்துவமனை வரை கொண்டுபோகக்கூடும். ஸ்டோமாவோடு பயணம் செய்பவருக்குப் பட்டினி காவல் அல்ல, முன்னேற்பாடே காவல். இதை உனக்கு விளங்கவைக்கத்தான் இந்தக் கடிதம்.

உன் ஸ்டோமா எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள். பெருங்குடலை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்திருந்தால் கொலாஸ்டமி, சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் கொண்டுவந்திருந்தால் இலியோஸ்டமி. பெருங்குடலின் முக்கிய வேலை நீரையும் உப்பையும் உடலுக்கு மீட்டுத் தருவது. இலியோஸ்டமியில் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் வெளியேறுவது கூழாகவோ நீராகவோ இருக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகலாம், அதோடு உப்பும் போகும். நீ சாப்பிடாவிட்டாலும் இரைப்பை நீரும் பித்தமும் கணைய நீரும் சுரப்பது முழுதாக நின்றுவிடாது. ஆகவே பட்டினி கிடந்தால் வெளியேற்றம் குறையலாம், ஆனால் நிற்காது. நிற்பது உள்ளே வரும் நீரும் உப்பும்தான். சித்திரை வெயிலில் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது வியர்வையும் சேர்ந்துகொண்டால் தலைசுற்றல், கால் தசைப்பிடிப்பு, சிறுநீர் குறைந்து அடர்நிறமாதல் எல்லாம் வரும். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தாலும் இது சரியாகாது; உப்பில்லாத நீர் குடலிலிருந்து உப்பை இழுத்துக்கொண்டு வெளியேறும். இதற்கு வேண்டியது உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல். அதில் குளுக்கோஸ் இருப்பதற்குக் காரணம் உண்டு. குடல் சுவர் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியத்தையும் கூடவே எடுத்துக்கொள்கிறது, பின்னாலேயே நீரும் உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ள பாக்கெட்டுகளை உடன் வைத்துக்கொள். உனக்கு இருப்பது கொலாஸ்டமி என்றால் நீரிழப்பு அபாயம் குறைவு. ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலம் இறுகி, அதுவே தனித் தொல்லையாகும்.

அப்படியானால் வழியில் என்ன சாப்பிடுவது? பழகிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. சோறு, வாழைப்பழம், தயிர்சாதம் போன்றவை வெளியேற்றத்தைக் கெட்டிப்படுத்தும். முழுக்கக் காலியான வயிற்றில் காற்றுதான் சேரும். தேங்காய், வேர்க்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கினால் இலியோஸ்டமியில் அடைப்பு வரலாம். பல மணி நேரம் எதுவும் வெளியேறாமல் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போ.

“பேருந்தில் கழிப்பறையே இல்லையே” என்பாய். நியாயமான கேள்வி. கழிப்பறை உள்ள ரயிலை முடிந்தவரை தேர்ந்தெடு. பேருந்துதான் என்றால் ஏறுவதற்கு முன்னும் வண்டி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் பையைக் காலிசெய். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலிசெய்வது நல்லது. தோலில் ஒட்டும் தகட்டை முந்தின நாளே மாற்றிவிடு. தேவைப்படும் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு பைகளை எடுத்துக்கொள். தகடுகளை வீட்டிலேயே அளவாக வெட்டிவிட்டால் விமானப் பாதுகாப்புச் சோதனையில் கத்தரிக்கோல் பிரச்சினை வராது. இவற்றைக் கைப்பையில் வை. பெட்டி தொலைந்தாலும் நீ தவிக்கமாட்டாய். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதே, பசை இளகிவிடும். கனமான பெட்டியை நீ தூக்காதே, ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரும் அபாயம் உண்டு.

“விமானத்தில் பை வெடித்துவிடாதா?” என்பது இன்னொரு பயம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டியின் உயரமும் இந்த வரம்புக்குள்தான். மலைப்பாதையில் ஊட்டிக்கு ஏறினால் பையில் உள்ள காற்று எவ்வளவு விரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் விமானத்திலும் விரியும். காலிப் பையோடு ஏறு, சோடா வகைகளைத் தவிர், போதும். நாற்றம் வருமோ என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. இன்றைய பைகள் நாற்றத்தை வெளியே விடாத பொருளால் ஆனவை. காலிசெய்யாத நேரத்தில் நாற்றம் வந்தால் பெரும்பாலும் தகடு கசிகிறது என்று பொருள், உடனே மாற்று.

“இவ்வளவு பாடுபட்டு எதற்குப் பயணம்?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஸ்டோமாவுக்குப் பிறகு வெளியே போக அஞ்சிய தன் தங்கைக்காகத்தான் டென்மார்க் செவிலியர் எலிஸ் சோரன்சன் 1954-இல் தோலில் ஒட்டும் பையை வடிவமைத்தார். அந்தப் பை பிறந்ததே ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே போவதற்காக. இந்திய ரயில்வேயின் சலுகைப் பட்டியலிலும் ஸ்டோமா உள்ளவர்களுக்கு மாத, காலாண்டு சீசன் டிக்கெட்டில் 50 சதவீதச் சலுகை உண்டு. சீசன் டிக்கெட் அன்றாடம் போய்வருகிறவர்களுக்கானது. ஸ்டோமா உள்ளவர் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருவார் என்பதை அந்த விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அறுவை முடிந்த புதிதில் எப்போது கிளம்பலாம் என்பதை உன் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதில் அவசரப்படாதே. அதுவரை ஒரு வாரம், எப்போது என்ன சாப்பிட்டாய், எப்போது பை நிரம்பியது என்று எழுதி வை. உன் குடலுக்கு ஒரு நேர ஒழுங்கு இருப்பது அதில் தெரியும். எந்த வண்டியில் போவது, எங்கே நிற்பது, எப்போது சாப்பிடுவது என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவுசெய். பயத்தைப் பார்த்து முடிவுசெய்யாதே.

அன்புடன்,
உன் அக்கா