ஸ்லிப்பர் கிளட்சைப் பிரிக்கப் போறீங்களா? கைகொடுக்கும் குறிப்புகள்

ஆர்15, டியூக் 390, டொமினார், இன்டர்செப்டர் 650 என்று நம் தெருவில் ஓடும் பல வண்டிகளில் இன்று ஸ்லிப்பர் கிளட்ச்தான். சாதா கிளட்ச் பிளேட் மாற்றிப் பழகிய கை இதையும் தாராளமாகச் செய்யும். லேபர் காசும் மிச்சம்!

1. ஆர்பிஎம் ஏறுது, வண்டி போகலை என்றதும் பிளேட் வாங்க ஓடாதீர்கள். முதலில் லீவர் நுனியில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் 10 முதல் 15 மி.மீ. இருக்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் இதே கோளாறு வரும், அட்ஜஸ்டரைத் திருப்பினால் பைசா செலவில்லாமல் சரியாகிவிடும்.

2. இந்த வண்டிகளில் கிளட்ச் கவர் வலப்பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் நன்றாகச் சாய்த்து நிறுத்தினால் ஆயில் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், வடிக்க வேண்டாம். சிந்துவதற்கு ஒரு தட்டு போதும். ஆனால் ஆயிலில் கருகிய வாடை அடித்தால் ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

3. கவர் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வைத்தால் தேடும் நேரம் மிச்சம்.

4. பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து, மொபைலில் படமும் எடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் வெளிப்பக்கக் கடைசி பிளேட்டின் காதுகள் மட்டும் தனிப் பள்ளத்தில் உட்காரும்.

5. ஹப்பிலும் பிரஷர் பிளேட்டிலும் உள்ள சரிவுகளை (ராம்ப்) பார்க்காமல் மூடாதீர்கள், ஸ்லிப்பரின் உயிரே அங்கேதான். கியரைப் படபடவென்று குறைக்கும்போது பின்சக்கரம் இன்ஜினைத் திருப்பி இழுக்கும். அப்போது இந்தச் சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிளேட்டுகளின் பிடியைத் தளர்த்தும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். அரம் போட்டால் சரிவின் கோணம் கெட்டு, பின்சக்கரம் துள்ளும்.

6. ஸ்டீல் பிளேட்டுகளை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். பழைய கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வளைவு உங்கள் வண்டி மேனுவல் சொல்லும் அளவுக்குள் இருந்து, நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பும் இல்லையென்றால் அதே பிளேட் இன்னும் உழைக்கும்.

7. ஸ்பிரிங் நீளத்தை வெர்னியரில் அளந்து, ஒன்று குட்டையாக இருந்தாலும் செட்டாக மாற்றுங்கள். "ஹார்டு ஸ்பிரிங் போடுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது அசிஸ்ட் சரிவுகளே பிளேட்டை இறுக்குவதால்தான் கம்பெனி மென்மையான ஸ்பிரிங் போட்டிருக்கிறது. ஹார்டு ஸ்பிரிங்கால் கை வலிக்கும், ஸ்லிப்பரும் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

8. ஹப் நட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், ஸ்குரூடிரைவரை இடையில் சொருகி ஹவுசிங் விரலை உடைக்காதீர்கள். ஆகாத ஸ்டீல் பிளேட் ஒன்றில் நீளமான இரும்புப் பட்டையை வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்தால் ஹப்பைப் பிடிக்கும் கருவி தயார். லாக் வாஷரை மட்டும் புதிதாகவே போடுங்கள்.

9. புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டை ராத்திரியே ஆயிலில் ஊறவையுங்கள். உலர்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஜிப் கவரில் பிளேட்டைப் போட்டு, கொஞ்சம் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றி மூடினால் குறைந்த ஆயிலிலேயே எல்லாம் நனையும்.

10. ஸ்பிரிங் போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அவை உட்காரும் இடம் அலுமினியம், வேகமாக முறுக்கினால் மரை போய்விடும். டார்க் ரெஞ்ச் சொந்தமாக இல்லையென்றால் தெரிந்த பட்டறையில் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

11. கேஸ்கெட் வைக்கும்முன் பழைய பேப்பரைச் சுரண்ட பிளாஸ்டிக் ஸ்கேல் துண்டு போதும், கவரில் கீறல் விழாது. டோவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

12. ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றினால் உராய்வைக் குறைக்கும் மருந்து பிளேட்டில் ஏறி, புது செட்டே நழுவ ஆரம்பிக்கும். இத்தனை பாடுபட்டு மாட்டியதை அதற்காகத் திரும்பப் பிரிக்க வேண்டாம், நண்பர்களே!